ஏஜென்ட் வேலை பார்க்காமலே புரோக்கர் ஆகலாமா?

கேள்வி: ஃப்ரீமான்ட்டில் ஒரு எஸ்க்ரோ ஆபீஸில் (வீடு விற்பனை முடியும்வரை பணத்தையும் பத்திரங்களையும் நடுவில் வைத்திருக்கும் ஆபீஸ்) 6 வருஷமாக இருக்கிறேன். முதல் 2 வருஷம் உதவியாளர், அப்புறம் எஸ்க்ரோ ஆபீசர். சேல்ஸ்பர்சன் (ஏஜென்ட்) லைசென்ஸ் வாங்கி 2 வருஷம் வீடு விற்ற பிறகுதான் ரியல் எஸ்டேட் புரோக்கர் ஆக முடியும் என்கிறார்கள். எனக்கு வேறு வழி இல்லையா? பி.காம். பட்டம் உதவுமா?
– ஒரு வாசகி, கலிஃபோர்னியா

பதில்: வழி இருக்கிறது, தைரியமாக விண்ணப்பியுங்கள். கடந்த 5 வருஷத்துக்குள் 2 வருஷம் முழுநேர சேல்ஸ்பர்சனாக இருந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் அதற்கு ஈடான அனுபவம் இருந்தாலும் போதும் என்று அதே சட்டம் சொல்கிறது. எஸ்க்ரோ ஆபீசர், டைட்டில் ஆபீசர் (சொத்தின் உரிமையைச் சரிபார்ப்பவர்), லோன் ஆபீசர், அப்ரைசர் (சொத்தை மதிப்பிடுபவர்), மனை வாங்கி வீடு கட்டி விற்கும் கான்ட்ராக்டர் எல்லாரும் இந்த வழியில் வரலாம். பி.காம். இந்த இடத்தில் உதவாது, பட்டத்தில் ரியல் எஸ்டேட் மேஜராகவோ (முக்கியப் பாடம்) மைனராகவோ (துணைப் பாடம்) இருந்தால்தான் அனுபவத்துக்குப் பதிலாக எடுத்துக்கொள்வார்கள்.

உதவியாளராக இருந்த காலத்தை நம்ப வேண்டாம். ஃபைல் எடுத்து வைப்பது, போன் எடுப்பது எல்லாம் கணக்கில் வராது. ஆபீசராக இருந்த 4 வருஷமே தாராளம், அதை ஆர்.இ. 227 என்ற, ஈடான அனுபவத்தை உறுதிசெய்யும் படிவத்தில் எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் 'எஸ்க்ரோ வேலைகள் அனைத்தும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, விவரம் போதாது என்று திரும்பி வந்ததும் ரொம்ப உடைந்துபோனார். நீங்கள் அட்வான்ஸ் பணம் வாங்கி எஸ்க்ரோ திறந்தது, டைட்டில் ரிப்போர்ட்டில் பழைய கடனோ வரிபாக்கியோ இருக்கிறதா என்று பார்த்தது, விற்பவரின் பேங்க்கிடம் கடன் பாக்கிக் கணக்கு கேட்டு வாங்கியது, முடிவுக் கணக்கு போட்டது, பத்திரத்தைக் கவுன்ட்டியில் பதிவுக்கு அனுப்பியது என்று ஒவ்வொன்றாக, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதோடு எழுதுங்கள்.

அனுபவம் இருப்பதால் படிப்பும் பரீட்சையும் தள்ளுபடி ஆகாது. கல்லூரித் தரத்தில் 8 பாடங்கள் முடிக்க வேண்டும், தேர்வில் 200 கேள்விகள், 75 சதவீதம் எடுத்தால் பாஸ்.

இவ்வளவு பாடு எதற்கு என்று யாராவது கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள். சேல்ஸ்பர்சன் எத்தனை வருஷம் ஆனாலும் ஒரு புரோக்கருக்குக் கீழேதான் வேலை செய்ய முடியும், சொந்தமாக ஆபீஸ் போட வேண்டுமானால் இந்த லைசென்ஸ்தான். உங்கள் மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் அப்புறம் அலைய வேண்டியிருக்கும், அதனால் அனுபவத்தை உறுதிசெய்து படிவத்தில் அவர் போட வேண்டிய கையெழுத்தை இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.