டியூட்டி நர்ஸ் கேட்டவை: நோயாளியை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று ஒருவர் வருகிறார். கடித்த தடம் இல்லை, 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையும் (ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பது) நார்மல். பாம்புக்கடி இல்லை என்று விட்டுவிடலாமா? (களக்காடு)

விடக் கூடாது. "ராத்திரி எங்க படுத்தீங்க?" என்று முதலில் கேளுங்கள். தரையில் பாய் விரித்துப் படுத்தவர் என்றால் கட்டுவிரியனை நினைக்க வேண்டும். அதன் கடி வலிக்காது, வீங்காது, தடமும் பல நேரம் தெரியாது. அதன் விஷம் தாக்குவது நரம்பை. அதனால் ரத்தம் வழக்கம்போல உறையும். அந்தச் சோதனை கண்ணாடிவிரியன் போன்ற பாம்புகளுக்குத்தான் உதவும். அதற்கும் கண்ணாடிக் குழாய் புதியதாக, சுத்தமாக, உலர்ந்ததாக இருக்க வேண்டும். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயில் நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கும்.

தலையை அசைக்காமல் மேலே பார்க்கச் சொல்லி, இமை தொங்குகிறதா என்று பாருங்கள். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என எண்ணச் சொல்லி, எதுவரை போனார் என்பதை நேரத்தோடு குறியுங்கள். 22 வரை எண்ணியவர் அரை மணியில் 12-இல் நின்றால், SpO₂ (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, அதாவது சாச்சுரேஷன்) 98 காட்டினாலும் மூச்சுத் தசை தளர்கிறது என்றே பொருள். சாச்சுரேஷன் கடைசியில்தான் விழும். எச்சில் விழுங்க முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, எச்சிலை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷனும் கையால் அழுத்திக் காற்று செலுத்தும் ஆம்பு பேகும் பக்கத்தில் வையுங்கள். பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதானால் டாக்டரிடம் சொல்லி விஷமுறிவு மருந்தை இங்கேயே தொடங்கி, மூச்சுக்கு உதவத் தெரிந்த ஒருவரையும் கூட அனுப்புங்கள். வழியில் மூச்சு நிற்பதுதான் உயிரைப் பறிக்கிறது.

கேள்வி: டெங்கு நோயாளிக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. "வீட்டுக்கு அனுப்புங்க" என்று உறவினர்கள் நச்சரிக்கிறார்கள். (அம்பாசமுத்திரம்)

காய்ச்சல் இறங்கியபின் வரும் 24 முதல் 48 மணி நேரம்தான் ஆபத்து. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா ரத்தக் குழாயிலிருந்து கசிவது அப்போதுதான். பி.பி. 100/80 என்றால் மேலே உள்ள 100-ஐப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். இரண்டுக்கும் இடைவெளி 20 தான், அவ்வளவு குறுகுவதே ஆபத்தின் அறிகுறி. கை கால் சில்லிட்டு, நாடி வேகமாகவும் மெலிந்தும் ஓடினால் அது ஷாக், அதாவது உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாத நிலை. உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். 50 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 25 மில்லியாவது சிறுநீர் வர வேண்டும். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, காரணமில்லாத அமைதியின்மை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் துரத்துவதை விட, ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறதா என்று பார்ப்பது முக்கியம்.

கேள்வி: சார்ட்டில் எல்லாருக்கும் மூச்சு நிமிடத்துக்கு 18 என்றே இருக்கிறது. அது அவ்வளவு முக்கியமா? (ஆலங்குளம்)

மிக முக்கியம். பி.பி. விழுவதற்கு முன்பே பல நேரம் மூச்சு ஏறிவிடும். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, முழு 60 விநாடி நெஞ்சைப் பாருங்கள். எண்ணுவது தெரிந்தால் மூச்சை மாற்றிக்கொள்வார்கள். 25-ம் அதற்கு மேலும் வந்தால் மறுபடி எண்ணிப் பார்த்துவிட்டு உடனே சொல்லுங்கள்.

கேள்வி: ராத்திரி டாக்டரைக் கூப்பிட்டால், "என்ன பிரச்சினைன்னு தெளிவாச் சொல்லுங்க" என்கிறார். (கடையம்)

"ஆள் சரியில்ல சார்" என்று தொடங்காதீர்கள். "ஆறாம் நம்பர் பெட், நேற்று ஆபரேஷன் ஆனவர். பத்து மணிக்கு நாடி 88, இப்போது 124. மூச்சு 28. சிறுநீர் மூன்று மணி நேரமாக 20 மில்லிதான். நீங்கள் வந்து பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்தையும் கிடைத்த பதிலையும் அப்போதே எழுதுங்கள். அவர் வர முடியாவிட்டால், அடுத்த மூத்த டாக்டரைக் கூப்பிடுங்கள்.