துண்டுக்குத் தாத்தா வேண்டாம், நட்சத்திரம் போதும்

கேள்வி: காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் 10 செ.மீ. சதுர ஃபிரேம் உள்ள எம்ப்ராய்டரி மெஷின் இருக்கிறது. குடியாத்தம் கைத்தறித் துண்டில் கிறிஸ்துமஸ் தாத்தாவும், கீழே தமிழில் பெயரும் போட்டு 20 பேருக்குக் கொடுக்க ஆசை. விலைக்கு வாங்கிய டிசைனை ஒரு துண்டில் போட்டுப் பார்த்தேன். தாத்தாவைச் சுற்றித் துணி சுருங்கிவிட்டது. பெயரைப் படிக்கவே முடியவில்லை. மரத்தில் தொங்கவிட லேஸ் நட்சத்திரமும் இதே மெஷினில் வருமா?

பதில்: மெஷினிலும் உங்கள் கையிலும் குறை இல்லை. அந்த டிசைன் அந்தத் துண்டுக்கானது அல்ல. கிறிஸ்துமஸ் தாத்தா என்றாலே அங்கி, தொப்பி, தாடி என்று முழுக்க ஃபில்லிங்தான், அதாவது இடத்தையே நூலால் நிரப்பும் தையல். 40-ஆம் எண் நூலில் ஃபில்லிங் வரிசைகள் சுமார் 0.4 மி.மீ. இடைவெளியில் விழும். அதற்கு அடியில் ஒரு அடித்தையல், மேலே கண், மூக்கு, பெல்ட். 10 செ.மீ.க்குள் 14,000 தையல் சாதாரணமாக வந்துவிடும். ஒவ்வொரு தையலும் துணியைத் துளி உள்ளே இழுக்கும். கைத்தறித் துண்டோ மெல்லிசு, இழைகள் நகரக்கூடியவை. அதனால் நடுவில் அட்டை மாதிரி விறைப்பு, சுற்றிலும் சுருக்கம். இஸ்திரி போட்டாலும் அது போகாது.

இந்தத் துண்டுக்குக் கோட்டுருவம் மட்டும் உள்ள டிசைனாகப் பாருங்கள். ஒரே கோட்டில் மூன்று முறை போய்வரும் ட்ரிபிள் ஸ்டிச்சில் நட்சத்திரம், மணி, மெழுகுவத்தி எல்லாம் 2,500 தையலில் முடியும். பொங்கலுக்கும் கொடுப்பதாக இருந்தால் பானை, கரும்பு. நிமிடத்துக்கு 600 தையல் வேகத்தில் 20 துண்டு ஒன்றரை மணி நேரத்துக்குள் ஓடிவிடும். அதே வேகத்தில் 20 தாத்தாவுக்கு, நூல் மாற்றும் நேரத்தைச் சேர்க்காமலே, கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் ஆகும். (வேலூர் வெயிலில் இருப்பவர்களுக்குப் பனிமான் எதற்கு? உங்கள் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கோட்டுருவத்தில் அழகாக வரும்.) தாத்தா இருந்தே ஆக வேண்டும் என்றால் துணியை வெட்டி ஒட்டுப்போடும் அப்ளிக் டிசைன் வாங்குங்கள். சிவப்புப் பருத்தித் துணியே அங்கியின் இடத்தை நிரப்பிவிடும், ஓரத்தில் மட்டும்தான் சாட்டின் தையல் (நெருக்கமான பட்டைத் தையல்) விழும்.

காசு கொடுக்கும் முன் டிசைனின் அளவை மில்லிமீட்டரில் பாருங்கள். நாலு இஞ்ச் என்று போட்டிருந்தால் அது 101.6 மி.மீ. உங்கள் 100 மி.மீ. ஃபிரேமுக்கு அது பெரிசு, மெஷின் ஏற்காது. மெஷினிலேயே சுருக்கினால் 10 சதவீதத்தோடு நிறுத்துங்கள். பல மெஷின்களில் சுருக்கும்போது தையல் எண்ணிக்கை குறையாமல் நெருக்கம் மட்டும் கூடும், ஊசி உடையும். ஃபைல் வகையும் மெஷினுக்குப் பொருந்த வேண்டும்: பிரதர் மெஷின் என்றால் பி.இ.எஸ்., ஜானோம் என்றால் ஜே.இ.எஃப். டி.எஸ்.டி. என்ற இன்னொரு வகை ஃபைலில் நூலின் நிறம் பதிவாகாது. திரையில் நட்சத்திரம் பச்சையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், நிறத்தை நீங்களே வரிசைப்படி கோத்துக்கொள்ளலாம்.

துண்டை முதலில் நனைத்து அலசி, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். புதுத் துணி பிறகு சுருங்கும், நூல் சுருங்காது. கரையை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். துண்டை ஃபிரேமில் மாட்டவே கூடாது. இழுத்து மாட்டிய துணி, கழற்றியதும் பழைய நிலைக்குத் திரும்பும். சுருக்கத்துக்கு இன்னொரு காரணம் இதுதான். துணிக்கு அடியில் தாங்கலாக வைக்கும், கிழிக்கும் ரக ஸ்டெபிலைசர் பேப்பர் இரண்டை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து, அதை மட்டும் தட்டினால் சத்தம் வரும் அளவுக்கு ஃபிரேமில் இறுக்கமாக மாட்டுங்கள். மேலே ஒட்டும் ஸ்ப்ரே லேசாக அடித்து, துண்டை இழுக்காமல் படியவைத்து, டிசைனைச் சுற்றி நீளத் தையலில் ஒரு சதுரம் ஓடவிடுங்கள். ஊசியின் அளவு 75/11. பரிசு துவைக்கப்படும் பொருள் என்பதால் ரேயானைவிட பாலியெஸ்டர் நூல் நல்லது. பேப்பரைக் கிழிக்கும்போது தையலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள்.

அடியில் நூல் சிண்டாகச் சேர்ந்தால் பலர் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் நோண்டுவார்கள். பெரும்பாலும் தவறு மேலே இருக்கும். துணியை அழுத்தும் ஃபுட்டை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால், நூல் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுக்குள் உட்காராது. ஃபுட்டைத் தூக்கிவிட்டு நூலை மறுபடி கோத்துவிடுங்கள்.

இனி பெயர். தமிழ் எழுத்தை சாஃப்ட்வேரில் தானாகத் தையலாக மாற்றினால் சுழிகள் அடைபட்டுப்போகும். ‘கண்ணன்’ என்று போட்டால் மூன்று சுழி ண-வும் இரண்டு சுழி ன-வும் ஒரே மொத்தையாகத் தெரியும். எழுத்தின் உயரம் 15 மி.மீ.க்குக் குறையக் கூடாது. சாட்டினில் போட்டால் கோட்டின் தடிமன் 1.2 மி.மீ. இருக்கட்டும், சுழிக்குள் குறைந்தது 1 மி.மீ. வெற்றிடம் விடுங்கள். புள்ளி 1.5 மி.மீ.க்குச் சிறியதானால் ஒரே இடத்தில் ஊசி குத்திக் குத்தித் துணியில் ஓட்டை விழும். இந்தத் துண்டுக்கு ட்ரிபிள் ஸ்டிச் எழுத்தே என் தேர்வு. டர்க்கி டவல் என்றால் மேலே தண்ணீரில் கரையும் பிலிம் ஒன்று வைத்து, எழுத்தைத் தடிமனான சாட்டினில் போடுங்கள். கோட்டுத் தையல் நூல்வளையங்களுக்குள் மறைந்துவிடும்.

லேஸ் நட்சத்திரம் தாராளமாக வரும், ஆனால் லேஸுக்கென்றே செய்த டிசைன் வேண்டும். சாதாரண நட்சத்திரத்தைத் தண்ணீரில் கரையும் பேப்பரில் போட்டால், அலசும்போது நூல் நூலாகப் பிரிந்துவிடும். பிலிம் அல்ல, துணி போலிருக்கும் கரையும் ரகம் இரண்டு அடுக்கு மாட்டுங்கள். இரு பக்கமும் தெரியும் என்பதால் பாபினிலும் மேல்நூலையே சுற்றுங்கள். வேகம் நிமிடத்துக்கு 400 தையல். முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள், கரைந்த பேப்பரின் பசை முழுக்கப் போக வேண்டாம். மிச்சப் பசைதான் நட்சத்திரத்துக்கு விறைப்பு. முனைகளைக் குண்டூசியால் நேராக்கி, தட்டையாகக் காயவிடுங்கள். மார்கழி ஈரத்தில் தொய்ந்தால் கஞ்சி ஸ்ப்ரே போதும். மீதமுள்ள கரையும் பேப்பரைக் காற்றுப் புகாத கவரில் வையுங்கள், இல்லாவிட்டால் ஈரம் குடித்துப் பிசுபிசுக்கும்.