நள்ளிரவில் தானாக ரீசெட் ஆகும் லினக்ஸ் சர்வர்: வாட்ச்டாகை அணைத்துவிடலாமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தின் டெபியன் சர்வர் ஒரு மாத காலமாக வாரத்துக்கு இரண்டு முறையாவது நள்ளிரவுக்குப் பின் தானாக ரீபூட் ஆகிறது. சிஸ்டம் லாகில் பிழை எதுவும் தென்படவில்லை. சர்வர் பலகையில் தனியாக இயங்கும் மேலாண்மைச் சிப்பான பிஎம்சியின் நிகழ்வுப் பதிவில் மட்டும் 'வாட்ச்டாக் 2, ஹார்டு ரீசெட்' என்று இருக்கிறது. சில மாதங்களுக்கு முன், சர்வர் உறைந்தால் தானாக ரீசெட் ஆகச் செய்யும் 'வாட்ச்டாக்' பேக்கேஜை நிறுவினோம். பிறகு சக ஊழியர் ஒருவர், லினக்ஸில் முதல் ப்ராசஸாக ஓடிச் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியிலும் அதன் வாட்ச்டாக் நேரத்தை 30 வினாடி என்று வைத்தார். இது வன்பொருள் பழுதா? வாட்ச்டாகையே அணைத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு அணைக்க வேண்டாம். அணைத்தால் ரீசெட் நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதன் பிறகு சர்வர் இரவு இரண்டு மணிக்கு உறைந்து, காலையில் யாராவது வந்து பவர் பொத்தானை அழுத்தும் வரை அப்படியே கிடக்கும். உங்கள் விவரங்களைப் பார்த்தால் வாட்ச்டாக் டைமர் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. அந்த நேரத்தில் அதைப் புதுப்பித்திருக்க வேண்டிய நிரல் ஏன் புதுப்பிக்கவில்லை என்பதைத்தான் நாம் தேட வேண்டும். 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலமும் இப்படித்தான் மீண்டும் மீண்டும் ரீசெட் ஆனது. பொறியாளர்கள் கண்காணிப்பைக் கைவிடவில்லை. முன்னுரிமை குறைந்த ஒரு பணி, முன்னுரிமை மிகுந்த பணியைக் காக்க வைத்ததைக் கண்டுபிடித்து அதைத் திருத்தினார்கள்.

முதலில் இந்த டைமர் நடந்துகொள்ளும் விதத்தைத் தெரிந்துகொள்வது அவசியம். '/டெவ்/வாட்ச்டாக்' என்ற சாதனக் கோப்பை ஒரு நிரல் திறந்த உடனே எண்ணிக்கை இறங்கத் தொடங்குகிறது. அந்த நிரல் குறித்த நேரத்துக்குள் அதில் எதையாவது எழுதிக்கொண்டே இருந்தால் எண்ணிக்கை மறுபடி மேலே போகும். எழுதத் தவறினால் சர்வர் ரீசெட் ஆகும். கோப்பை மூடுவதற்கு முன் 'வி' என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தை எழுதினால்தான் டைமர் நிற்கும். அப்படி எழுதாமல் நிரல் இறந்துபோனாலும் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே இருக்கும். 'நோவேஅவுட்' என்ற அமைப்பு இயக்கப்பட்டிருந்தால் 'வி' எழுதினாலும் நிற்காது. ஆகவே டீமனை, அதாவது பின்னணியில் ஓடும் வாட்ச்டாக் பேக்கேஜின் நிரலை, 'கில் -9' கொடுத்து நிறுத்திவிட்டு ஆராயலாம் என்று மட்டும் முயலாதீர்கள். ஆராயத் தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் சர்வர் கையை விட்டுப் போய்விடும்.

அடுத்து, எந்த டைமர், யார் கையில் என்று பாருங்கள். ஒரே சர்வரில் இன்டெல் சிப்செட்டில் உள்ள டிசிஓ என்ற வாட்ச்டாக் டைமர் ஒன்றும் பிஎம்சியின் டைமர் ஒன்றும் இருப்பது சாதாரணம். நிகழ்வுப் பதிவில் 'வாட்ச்டாக் 2' என்று வந்திருப்பதால் உங்களுடையது பிஎம்சியின் டைமர் என்றே கொள்ளலாம். 'ஐபிஎம்ஐடூல் எம்சி வாட்ச்டாக் கெட்' என்ற கட்டளை அதன் நிலையைக் காட்டும். அதில் 'டைமர் யூஸ்' என்ற வரிதான் முக்கியம். அங்கே 'எஸ்எம்எஸ்/ஓஎஸ்' என்று இருந்தால் டைமரை இயக்கியது லினக்ஸ். 'ஓஎஸ் லோட்' என்றோ பயாஸ் தொடர்பான பெயரோ இருந்தால், பயாஸ் இயக்கிவிட்ட டைமரை யாரும் பொறுப்பேற்கவில்லை என்று பொருள். அப்படியானால் சர்வர் பூட் ஆன சில நிமிடங்களிலேயே ஒவ்வொரு முறையும் விழும். உங்களுடையது நாட்கணக்கில் ஓடிவிட்டு விழுவதால் அந்த ஐயம் தேவையில்லை என்றாலும், பார்ப்பதற்கு ஒரு நொடிதான் ஆகும்.

இந்தச் சாதனக் கோப்பை ஒரு நேரத்தில் ஒரே நிரல்தான் திறக்க முடியும். டீமனையும் சிஸ்டம்டியையும் சேர்த்து இயக்கியிருப்பதால் இருவரில் ஒருவர் வெளியே நிற்கிறார். முந்திக்கொண்டது யார் என்பது டைமருக்கான மாட்யூல் (அதன் டிரைவர்) எப்போது ஏற்றப்பட்டது என்பதைப் பொறுத்தது. 'ஃபியூசர்' கட்டளையை அந்தக் கோப்பின் மீது இயக்கினால் எந்த நிரல் பிடித்திருக்கிறது என்பது தெரியும். டீமன் தோற்றிருந்தால் அதன் லாகில் பிழை எண் 16, அதாவது சாதனம் வேறொருவர் கையில் இருக்கிறது என்ற செய்தி இருக்கும். உங்கள் சக ஊழியர் வைத்த 30 வினாடி இதுவரை நடைமுறைக்கே வராமல் இருந்திருக்கவும் கூடும்.

இரண்டில் ஒன்றை நீக்கிவிடுங்கள். எதை என்று கேட்டால், தனிப்பட்ட சோதனைகள் எதுவும் தேவையில்லாத சர்வரில் நான் சிஸ்டம்டியையே வைத்துக்கொள்வேன்; அது அமைத்த நேரத்தின் பாதிக்கு ஒரு முறை டைமரைப் புதுப்பிக்கிறது, அமைப்பும் ஒரே வரி. ஆனால் அது உறுதி செய்வது முதல் ப்ராசஸ் உயிரோடு இருக்கிறது என்பதை மட்டுமே. டேட்டாபேஸ் உறைந்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

டைமர் டீமனின் கையில் இருப்பது தெரியவந்தால், என் முதல் சந்தேகம் அதன் அமைப்புக் கோப்பின் மீதுதான் விழும். டீமன் எடுக்கும் நடவடிக்கை இரண்டு வகை. சுமை வரம்பு மீறியது, ஒரு கோப்பு குறித்த நேரத்தில் மாறவில்லை என்பது போன்ற சோதனை தோற்றால் அது தானே முறையாக ரீபூட் செய்யும். அப்போது காரணம் லாகில் எழுதப்பட்டிருக்கும். 'லாஸ்ட் -எக்ஸ்' கட்டளையிலும் அதற்கு முந்தைய அமர்வு முறையாக முடிந்ததாகத் தெரியும். உங்களுக்கு அங்கே 'கிராஷ்' என்று வந்தால் டீமன் முடிவெடுக்கவில்லை, அதுவே எங்கோ சிக்கிக்கொண்டது அல்லது லினக்ஸின் மையமான கர்னலே நின்றுபோனது என்று கொள்ள வேண்டும். சோதனை ஒன்று ஒரு நிமிடத்துக்கு மேல் நீண்டாலும் சர்வர் ரீசெட் ஆகும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அமைப்புக் கோப்பில் 'ஃபைல்' என்று தொடங்கும் வரி இருக்கிறதா, அது என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு) வழியாக இணைத்த பேக்கப் இடத்தைச் சுட்டுகிறதா என்று பாருங்கள். நள்ளிரவுக்குப் பின் மட்டும் விழுகிறது என்பதே பேக்கப் வேலையின் மீது விரல் நீட்டுகிறது. மறுமுனையில் உள்ள என்எஃப்எஸ் சர்வர் பதில் தராமல் நின்றால், அந்தக் கோப்பைத் தொட்ட நிரல் எதுவும் திரும்பி வராது. தொலைவில் உள்ள ஒரு இயந்திரத்தின் தாமதத்துக்கு இந்த சர்வர் தண்டனை பெறக் கூடாது. அந்த வரியை எடுத்துவிட்டு அந்தக் கண்காணிப்பை வேறு கருவியிடம் கொடுங்கள்.

லாக் வெறுமையாக இருப்பதற்கும் தெளிவான காரணம் உண்டு. லாகை எழுதும் ஜர்னல்டி சாதாரணச் செய்திகளை 5 நிமிடத்துக்கு ஒரு முறைதான் வட்டில் உறுதியாக எழுதுகிறது. மிகக் கடுமையான செய்திகளை மட்டுமே உடனே எழுதும். ஆகவே கடைசி ஐந்து நிமிடம் ரீசெட்டோடு போய்விடக்கூடும். அதோடு, ஒரு ப்ராசஸ் வட்டுக்காகக் காத்துச் சிக்கிக்கிடக்கிறது என்று கர்னல் எச்சரிப்பது வழக்கமாக 120 வினாடிக்குப் பின்புதான். டீமனின் இயல்பான டைமர் 60 வினாடி. எச்சரிக்கை எழுதப்படும் முன்பே சர்வர் விழுந்துவிடுகிறது. இந்த வரிசையை மாற்றுங்கள்: கர்னலின் அந்த வரம்பை 30 வினாடியாகக் குறைத்து, டைமரைத் தற்காலிகமாக 180 வினாடியாக உயர்த்தி, ஜர்னல்டி எழுதும் இடைவெளியைச் சில வினாடிகளாக வையுங்கள். வட்டே சிக்கியிருந்தால் எதுவும் எழுதப்படாது என்பதால், நெட்கன்சோல் மூலம் வேறொரு இயந்திரத்துக்கோ, பிஎம்சியின் சீரியல் கன்சோலுக்கோ கர்னல் செய்திகளை அனுப்புவது இன்னும் நம்பகமானது.

காவல்நாய் என்ற பெயர் இதற்கு இருந்தாலும், இயல்பாக இது குரைக்காமலே கடிக்கும் வகை. பிஎம்சி டைமருக்கான கர்னல் மாட்யூலில் 'ப்ரீடைம்அவுட்' என்ற வசதி உண்டு. ரீசெட்டுக்குச் சில வினாடிகள் முன்பாக என்எம்ஐ (புறக்கணிக்க முடியாத குறுக்கீட்டுச் சமிக்ஞை) அனுப்பி, கர்னலை பேனிக் ஆக, அதாவது பிழை விவரத்தைக் காட்டி நிற்க வைக்க முடியும். அப்போது எந்த நிரல் எங்கே நின்றது என்ற விவரம் கன்சோலில் கிடைக்கும். கேடம்ப் அமைத்திருந்தால் நினைவகப் பிரதியும் கிடைக்கும், ஆனால் அதை எழுதி முடிப்பதற்குள் டைமர் மீண்டும் சர்வரை வீழ்த்திவிடாதபடி நேரம் போதுமா என்று முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள். பெயரில் ஒற்றுமை இருந்தாலும் கர்னலின் 'என்எம்ஐ வாட்ச்டாக்' வேறு. அது சிபியு நின்றுபோவதைக் கண்டறியும் மென்பொருள் அமைப்பு. அதை அணைப்பதால் உங்கள் சிக்கல் தீராது.

மாற்றங்களுக்குப் பின், பயனர்கள் இல்லாத நேரத்தில் ஒரு முறை வேண்டுமென்றே விழச் செய்து பாருங்கள். கோப்பு முறைமையை ஒத்திசைத்துவிட்டு, பேனிக் ஆனபின் தானாக ரீபூட் ஆகும் அமைப்பையும் கேடம்ப்பையும் நிறுத்திவிட்டு, சிஸ்ஆர்க்யூ (கர்னலுக்கு நேரடியாகக் கட்டளை தரும் வசதி) வழியாக 'சி' அனுப்பினால் கர்னல் பேனிக் ஆகி அங்கேயே நிற்கும். சில நிமிடங்களுக்குள் ரீசெட் ஆகி, பிஎம்சி பதிவில் புதிய வரி விழ வேண்டும்.

கடைசியாக வன்பொருள் பற்றி. பிஎம்சி டைமரைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு செய்தியும் பிஎம்சியின் வழியாகவே போக வேண்டியிருப்பதால், பிஎம்சியே திணறினால் நலமாக இருக்கும் லினக்ஸும் விழக்கூடும். மேலே சொன்ன ஏற்பாடுகளுக்குப் பின்பும் நெட்கன்சோலில் ஒரு வரியும் வராமல் சர்வர் விழுந்தால், நிகழ்வுப் பதிவில் நினைவகத்தின் இசிசி பிழைகள் (நினைவகம் தானே கண்டறியும் பிழைகள்) உள்ளனவா என்று பார்த்து, பிஎம்சியின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, இன்டெல் சிப்செட் டைமர் இருந்தால் சில வாரங்களுக்கு அதற்கு மாறிப் பாருங்கள். அப்போது ரீசெட் நின்றுவிட்டால் பழுது பிஎம்சியிடம்; அதற்குப் பின்னும் தொடர்ந்தால் ரேம், பவர் சப்ளை என்ற வரிசையில் சோதியுங்கள்.