மறு: தயோசல்பேட்டின் வலிமை ஒவ்வொரு முறையும் மாறுகிறது

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலை ஆய்வகத்தில் பெராக்சைடு மதிப்பு (எண்ணெய் காற்றுபட்டு எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதன் அளவு) பார்க்க 0.01 நார்மல் (செறிவின் அலகு) சோடியம் தயோசல்பேட் கரைசல் கலக்குகிறீர்கள், வலிமை நிலைக்கவில்லை, ஸ்டார்ச் தரும் நீல நிறம் மறைந்த பிறகும் திரும்பி வருகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

தயோசல்பேட்டின் வலிமையைச் சரிபார்க்க, பொட்டாசியம் அயோடேட்டை 120 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் உலர்த்தி ஆறவிட்டு, 3.567 கிராம் எடுத்து ஒரு லிட்டராக்குங்கள், அது 0.1 நார்மல். அதைப் பத்து மடங்கு நீர்த்துக்கொள்ளுங்கள். நேரடியாக 0.3567 கிராம் நிறுத்தால் நிறுவைப் பிழை பெரிதாகத் தெரியும்.

நீர்த்த அயோடேட் கரைசல் 25 மில்லியில் ஒரு கிராம் பொட்டாசியம் அயோடைடு, 1 மோலார் கந்தக அமிலம் 10 மில்லி சேர்த்தால் அயோடின் வெளிவரும். உடனே டைட்ரேட் செய்யுங்கள், அதாவது தயோசல்பேட்டைச் சிறிது சிறிதாக விட்டு அயோடின் தீரும்வரை அளங்கள். தயோசல்பேட் சரியாக இருந்தால் 25 மில்லிதான் செலவாகும். ஸ்டார்ச்சை வெளிர் மஞ்சள் வந்த பிறகே விடுங்கள். முன்பே விட்டால் அயோடினைப் பிடித்துக்கொண்டு முடிவுப்புள்ளி (நீலம் மறையும் இடம்) இழுக்கும். பலர் வழுக்குவது இங்கேதான்.

நீலம் சில நொடியிலேயே திரும்பினால் அமிலமோ அயோடைடோ போதவில்லை. அரைமணி கழித்து என்றால் காற்றின் வேலை, விட்டுவிடுங்கள்.

அயோடைடு கரைசல் மஞ்சளாகியிருந்தால் கொட்டிவிடுங்கள். கொதிக்கவைத்து ஆறவிட்ட காய்ச்சிவடித்த நீரில் தயோசல்பேட்டை, துளி சோடியம் கார்பனேட்டுடன் கலந்து பழுப்பு பாட்டிலில் வையுங்கள். 0.01 நார்மல் நீர்த்த தயோசல்பேட் கரைசலை மட்டும் அன்றன்றைக்கே கலக்குங்கள்.