மகன் நாயனம் கற்கப் போகிறேன் என்கிறான்: தண்டையார்பேட்டைத் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த மகன், பாலிடெக்னிக் விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டு நாயனம், அதாவது நாதஸ்வரம், கற்கப் போகிறேன் என்கிறான் என்றும், திருவொற்றியூரில் மாசி பிரம்மோற்சவத்துச் சாமி புறப்பாட்டில் கேட்ட, புறப்பாட்டுக்கென்றே வாசிக்கும் மல்லாரிதான் அவனை இப்படிப் பிடித்துக்கொண்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். குடும்பத்தில் யாரும் ஊதியதில்லை, இதை நம்பி வயிறு வளர்க்க முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும். ஆனால் எப்படி என்பது, அவன் எந்தச் செட்டில் எந்த இடத்தில் உட்காரப் போகிறான் என்பதைப் பொறுத்தது.

செட்டு என்றால் பொதுவாக இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம், சுருதிக்காக ஒரே ஸ்வரத்தை விடாமல் ஊதும் ஒத்தின் இடத்துக்கு வந்துவிட்ட சுருதிப்பெட்டி. கல்யாண வீட்டார் பேசி அட்வான்ஸ் கொடுப்பது முதல் நாயனக்காரரிடம். மற்றவர்களைக் கூப்பிடுவதும், கச்சேரி முடிந்தபின் பங்கைப் பிரித்துக் கொடுப்பதும் அவரே. ஆகவே உங்கள் மகனுக்கு முதல் பத்தாண்டுகள் வேலை கொடுக்கப் போவது அலுவலகமோ தேர்வாணையமோ அன்று, ஏதோ ஒரு மூத்த வித்வானின் கைப்பேசி. அந்தப் பட்டியலில் பெயர் ஏறுவதற்கு வாசிப்புத் திறமை பாதி, சொன்ன நேரத்துக்கு மண்டபத்தில் நிற்பது மீதி.

சென்ற வைகாசியில் உங்கள் பகுதியிலேயே ஒரு மண்டபத்தில், உறவினர் வீட்டு முகூர்த்தத்துக்காக அதிகாலையிலேயே போயிருந்தேன். சமையற்கட்டில் மட்டும்தான் விளக்கு எரிந்தது. நாயனக்காரர் வாயில் வைத்து ஊதும் சீவாளியை ஒரு தம்ளர் தண்ணீரில் நனைத்து, உதட்டில் வைத்துப் பார்த்து, பிடிக்காமல் நூலில் கோத்துத் தொங்கிய அடுத்ததை எடுத்தார். தவில்காரர் வலக்கை விரல்களுக்குக் கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாயனம் வாசித்த பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும். மூத்தவர் மூச்செடுக்கும் இடத்தில் அவன் ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்வான். அவர் மீண்டும் எடுத்ததும் இவன் தணிந்துவிடுவான். கேட்பவர்களுக்கு நாதம் ஓரிடத்திலும் அறுபடவில்லை. தாலி கட்டும் நேரத்தில் சாஸ்திரிகளின் விரல் உயர்ந்தபோது மூத்தவர் கண்ணை மூடி ராகத்தில் ஆழ்ந்திருந்தார். அந்தப் பையன்தான் பார்த்துத் தவில்காரருக்குத் தலையசைத்தான், கெட்டிமேளம் சரியான நொடியில் விழுந்தது. அடுத்த முகூர்த்தத்துக்கும் அவனைத்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனி கற்கும் வழி. பரம்பரைக் குடும்பங்களில் ஏழெட்டு வயதில் தொடங்கிவிடுவார்கள். பதினாறு என்பது தாமதம்தான், ஆனால் கதவு அடைபட்டுவிடவில்லை. காஞ்சிபுரம் உட்படப் பல ஊர்களில் இயங்கும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரமும் தவிலும் மூன்றாண்டுப் படிப்புகள். 12 முதல் 25 வயது வரை சேரலாம், இவ்விரு பிரிவுகளுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். சென்னையிலேயே ராஜா அண்ணாமலைபுரத்தில், 1949-இல் தொடங்கி முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல் முதல்வராக இருந்த அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. உங்களுக்கு இன்னும் பக்கத்தில், பாரிமுனை ராஜா அண்ணாமலை மன்றத்தில், 1943-இல் பிறந்த தமிழிசைச் சங்கத்தின் தமிழிசைக் கல்லூரி இருக்கிறது; நாயன வகுப்பு இந்த ஆண்டு உண்டா என்று நேரில் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டாலும் வாய்ப்பாட்டுக்காவது சேர்த்துவிடுங்கள். வாயால் பாடிப் பழகாதவன் துளையில் விரல் வைத்துப் பயனில்லை என்று எந்த ஆசிரியரும் சொல்வார்.

என் ஆலோசனை இதுதான்: பன்னிரண்டாம் வகுப்பை விடவே கூடாது, அந்த இரண்டு ஆண்டுகளும் காலையிலும் மாலையிலும் ஒரு வித்வானிடம் வாய்ப்பாட்டும், தொடக்க ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசையும், நாவால் தட்டி ஊதும் துத்துக்காரமும் நடக்கட்டும், பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால் இசைக் கல்லூரியில் சேர்ந்து சான்றிதழ் பெறட்டும். சான்றிதழைச் செட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் நாதஸ்வரம், தவில், தாளம் பணியிடங்களுக்கு அறிவிப்பு வரும்போது முதலில் கேட்பது அதைத்தான். கோயில் வேலை என்பது மாதச் சம்பளம், ஓய்வுக்குப் பின்னும் ஒரு பிடிமானம்; அதோடு, காலசந்தி என்ற காலைப் பூஜை முதல் அர்த்தஜாமம் என்ற இரவுப் பூஜை வரை வேளைக்கேற்ற ராகங்களைத் தினமும் வாசிப்பதால் வித்தையும் வளரும். இடங்கள் குறைவு, அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வரும் நாளில் கையில் சான்றிதழ் இல்லாமல் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

இந்தியக் கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயதுக்குட்பட்ட இளங்கலைஞர்களுக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. அதற்குக் குருவிடம் குறைந்தது ஐந்து ஆண்டுப் பயிற்சி காட்ட வேண்டும். இவ்வாண்டே தொடங்கினால் உங்கள் மகன் இருபத்தொரு வயதில் விண்ணப்பிக்கலாம். தொடங்கிய தேதியைக் குருவின் கையெழுத்தோடு இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அகில இந்திய வானொலியின் தேர்வில் பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் பிரிப்பார்கள். அதில் கிடைக்கும் தரத்தைச் சபாக்காரர்களும் கோயில் விழாக் குழுவினரும் மதிக்கிறார்கள். பள்ளி இசை ஆசிரியர் பணியிடங்கள் அரிதாகவே நிரப்பப்படுகின்றன என்பதால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

வருமானத்தில் ஒளிவு மறைவு வேண்டாம். தை, மாசி, வைகாசி, ஆவணியில் ஒரே நாளில் இரண்டு மண்டபங்களுக்கு ஓட வேண்டியிருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஆடியில் வடசென்னை அம்மன் கோயில்களில் கூழ் வார்த்தல் நடக்கும், ஆனால் அங்கே பம்பையும் உடுக்கையுமே முன்னே நிற்கும். போதாக்குறைக்கு இப்போது பெண்ணழைப்புக்குச் செண்டை மேளமும் வந்துவிட்டது. சிறு கோயில்களில் பொத்தானை அழுத்தினால் மணியும் முரசும் தானே அடிக்கும் இயந்திரம் தவில்காரரின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது, ஆனால் உங்கள் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும். ஆகையால் முதல் ஐந்தாறு ஆண்டுகளுக்கு, முகூர்த்த நாளில் விடுப்பு கிடைக்கக்கூடிய ஒரு பகுதிநேர வேலையோ, வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்போ துணையாக இருக்கட்டும்.

வாத்தியத்தை இணையத்தில் பார்த்து வாங்கிவிடாதீர்கள். 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் ஆச்சா மரத்தில் செய்யப்படுவது. எந்தச் சுருதி, நீளமான பாரியா குட்டையான திமிரியா என்பதைக் குரு முடிவு செய்யட்டும். சீவாளிச் செலவு தீராத செலவு என்பதையும் மனத்தில் வையுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றும் இருக்கிறது: வாடகை வீட்டின் மூன்றாம் மாடியில் ஒரு பையன் அதிகாலையில் நாயனம் எடுத்தால் வீட்டுக்காரர் ஒரு வாரத்தில் காலி செய்யச் சொல்வார். சாதகத்துக்கு, அதாவது தினசரிப் பயிற்சிக்கு, இடம் தேடுவதே முதல் வேலை. கோயில் மண்டபத்தில் நடை சாத்திய நேரத்தில் அனுமதி கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் கடற்கரைப் பக்கம் இருக்கவே இருக்கிறது, உப்புக் காற்று சீவாளிக்கு நல்லதா என்று மட்டும் குருவைக் கேட்டுக்கொள்ளுங்கள். திருவொற்றியூர் அம்மன் மீது தியாகராஜர் பாடிய ஐந்து கீர்த்தனைகளையும் அவன் சீக்கிரமே பாடம் செய்யட்டும். சொந்த ஊர்க் கோயில் புறப்பாட்டில் வாசிக்க வருகிறவனுக்கு அவை தெரியாமல் இருந்தால் மூத்தவர்கள் முகம் சுளிப்பார்கள்.

சாதியைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தீர்கள். இது நெடுங்காலம் சில சமூகங்களின் குலத்தொழிலாகவே இருந்தது. பந்தியில் மேளக்காரர்களைக் கடைசியில் உட்கார வைக்கும் வீடுகள் இன்றும் உண்டு, வெளியிலிருந்து வருகிற பையனைச் சந்தேகத்தோடு பார்க்கும் செட்டுகளும் உண்டு. ஆனால் இசைப்பள்ளிகளில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் சேர்கிறார்கள். முஸ்லிம் நாதஸ்வரத் தம்பதியரான காலீஷாபி மகபூப், ஷேக் மகபூப் சுபானி இருவருக்கும் 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

முடிவெடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த முகூர்த்த நாளில், தெரிந்த வித்வான் ஒருவரிடம் சொல்லி, மகனைச் செட்டோடு அனுப்புங்கள். தாளம் போடக்கூட வேண்டாம். தவிலை வண்டியில் ஏற்றி, விடியற்காலையிலிருந்து மதியப் பந்தி வரை அவர்களோடு உட்கார்ந்து, பங்கு பிரிக்கும்போது பக்கத்தில் நின்றுவிட்டு வரட்டும். அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் அவன் முதலில் எதைப் பற்றிப் பேசினான் என்று எனக்கு எழுதுங்கள்.