பனியாற்றில் நட்ட கம்பு

கேள்வி: வட துருவத்துப் பக்கம் ஒரு பனியாறு ஒரே வருஷத்தில் ஒன்றரை மீட்டர் உருகிவிட்டது என்று படித்தேன். அவ்வளவு பெரிய பரப்பில் இதை எப்படி அளக்கிறார்கள்?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: கம்பு நட்டு அளக்கிறார்கள். லேசர், செயற்கைக்கோள் எல்லாம் வந்த பிறகும் அடிப்படை அளவு அதுதான். நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளில், ஏறக்குறைய 79 டிகிரி வட அட்சரேகையில், நீ-ஓலசுண் என்று ஒரு சின்ன ஆராய்ச்சி ஊர் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஆஸ்த்ரே ப்ரொக்கர்பிரேன், மித்ரே லோவன்பிரேன் என்று இரண்டு பனியாறுகள். 1960-களின் கடைசியிலிருந்து நார்வே துருவ ஆய்வு நிறுவனம் அவற்றை வருஷம் தவறாமல் இப்படித்தான் அளந்து வருகிறது.

நீராவியைப் பீய்ச்சும் துளைப்பானாலோ, கையால் திருகும் துளைப்பானாலோ பல மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, கம்பை இறக்கி, மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். ஏரி மதகருகே நீர்மட்டம் பார்க்க அளவுகல் நட்டிருப்பார்களே, அது மாதிரிதான். போன செப்டம்பரில் அரை மீட்டர் தெரிந்த கம்பு இந்த செப்டம்பரில் இரண்டு மீட்டர் தெரிந்தால், அந்த இடத்தில் ஒன்றரை மீட்டர் பனிக்கட்டி போய்விட்டது என்று அர்த்தம்.

ஆனால் ஒரு கம்பு ஒரு இடத்துக்குத்தான் சாட்சி. பனியாற்றின் கீழ்முனையில் அதிகமாக உருகும், மேலே போகப் போகக் குறையும். அதனால் கீழிருந்து மேல்வரை வரிசையாகக் கம்புகளை நட்டு, ஒவ்வொரு உயரத்திலும் எவ்வளவு பரப்பு இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்து, பெருக்கிக் கூட்டி மொத்தக் கணக்குக்கு வருகிறார்கள். குளிர்காலத்தில் விழுந்த பனியையும் சேர்க்க வேண்டுமே. அதற்காக ஏப்ரல், மே மாதங்களில், உருகல் தொடங்கும் முன்பே போய், நீளமான கம்பியைக் குத்திப் பனியின் ஆழத்தைப் பார்ப்பார்கள், சில இடங்களில் குழி வெட்டி, பனியை எடுத்து எடை போட்டு அடர்த்தியும் பார்ப்பார்கள். குளிர்கால வரவில் கோடைச் செலவைக் கழித்தால் அந்த வருஷக் கணக்கு. ப்ரொக்கர்பிரேனில் அநேகமாக ஒவ்வொரு வருஷமும் நஷ்டம்தான்.

நீங்கள் படித்த அந்த ஒன்றரை மீட்டர், பனிக்கட்டியின் மீட்டரா தண்ணீரின் மீட்டரா என்று கட்டாயம் பாருங்கள். ஒரு கன மீட்டர் பனிக்கட்டி சுமார் 900 கிலோ, தண்ணீர் 1,000 கிலோ. ஒன்றரை மீட்டர் பனிக்கட்டி உருகினால் 1.35 மீட்டர் தண்ணீர், அதாவது சதுர மீட்டருக்கு 1,350 லிட்டர். செய்திகளில் இந்த இரண்டையும் கலந்து எழுதிவிடுகிறார்கள். கேள்வியே எவ்வளவு போனது என்பதுதான் என்னும்போது அதைச் சரியாக எழுதத்தானே வேண்டும்?

கேள்வி: கோடையில் அங்கே 24 மணி நேரமும் வெயில். கம்பே சூடாகிச் சுற்றியுள்ள பனியை உருக்கிவிடாதா?
- கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: உருக்கும். மிகச் சரியான சந்தேகம். உலோகம் வெப்பத்தைக் கீழே கடத்தும் என்பதால் பல இடங்களில் மரம், மூங்கில், பிளாஸ்டிக் கம்புகளையே விரும்புகிறார்கள். அப்படியும் கம்பைச் சுற்றி ஒரு சின்னப் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் அளவை எடுக்காமல், பனி மேல் ஒரு சட்டத்தைக் குறுக்கே வைத்து, சுற்றுவட்டாரத்துச் சராசரி மட்டத்திலிருந்து எடுப்பார்கள். கம்பு தானாகக் கீழே இறங்கிவிட்டால் கணக்கே பொய்யாகும், ஆனால் துருவப் பனியாறுகளில் உள்ளே இருக்கும் பனிக்கட்டி பூஜ்யத்துக்கும் கீழே குளிர்ந்திருப்பதால் துளையில் இருக்கும் தண்ணீர் உறைந்து கம்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்த விஷயத்தில் அங்கே வேலை கொஞ்சம் சுலபம்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. நல்ல வெயில் நாட்களில் சூரிய ஒளி மேல்பரப்போடு நிற்காமல் பனிக்கட்டிக்குள்ளும் கொஞ்சம் இறங்கி அங்கேயும் உருக்கும். மேல் அடுக்கு பொத்தல் பொத்தலாகி எடை குறைந்துவிடும், ஆனால் மட்டம் அவ்வளவாக இறங்கியிருக்காது. அப்புறம் மேகமூட்டமும் காற்றும் மழையும் வந்தால் அந்தப் பொத்தல் அடுக்கு மொத்தமாகக் கரைந்து, மட்டம் சடாரென்று இறங்கும். ஆகவே ஒரு நாள், இரண்டு நாள் அளவை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. ஒரு பருவம் முழுவதற்கும் பார்த்தால் அந்தப் பிழை பெரும்பாலும் அடங்கிவிடும்.

கேள்வி: செயற்கைக்கோள் இவ்வளவு துல்லியமாகப் பார்க்கும்போது, ஆட்கள் அங்கே போய்க் கம்பு நடுவது தேவையா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: தேவை என்றுதான் நான் உறுதியாக நம்புகிறேன். காரணம், இரண்டும் அளப்பது ஒரே விஷயத்தை இல்லை. 2018-ல் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2 லேசரால் பனிப்பரப்பின் உயரத்தைப் பார்க்கிறது. ஆனால் பனியாறு நகர்ந்துகொண்டே இருக்கும் பொருள். மேலே குவியும் பனி மெல்லக் கீழே வந்து, உருகும் பகுதியில் பரப்பை அடியிலிருந்து உயர்த்துகிறது. அங்கே இரண்டு மீட்டர் உருகி, ஒன்றரை மீட்டர் கீழிருந்து எழும்பினால், செயற்கைக்கோளுக்கு அரை மீட்டர்தான் இறங்கியதாகத் தெரியும். கம்போ பனிக்கட்டியோடு சேர்ந்தே நகர்வதால் அந்த இரண்டு மீட்டரையும் காட்டிவிடும். பனியாறு முழுவதையும் கூட்டினால் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு உருகுகிறது, ஏன் என்று தெரிய வேண்டுமானால் கம்புதான் வழி.

இன்னொரு வகை, 2002-ல் கிளம்பிய கிரேஸ். சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் முன்னும் பின்னுமாகப் போன இரண்டு செயற்கைக்கோள்கள், ஈர்ப்பு விசை மாற்றத்தை வைத்துப் பனியின் எடையையே 2017 வரை கணக்கிட்டன. கிரீன்லாந்து முழுவதற்கும் அது அருமை. அதன் பார்வைக்கு ஐந்து சதுர கிலோமீட்டர் அளவே உள்ள மித்ரே லோவன்பிரேன் ஒரு புள்ளிகூட இல்லை. அப்புறம், செயற்கைக்கோள் கணக்கும் கணினி மாதிரிகளும் சரியா என்று சோதித்துப் பார்க்கத் தரையில் எடுத்த அளவு வேண்டும். அந்த அளவை யாராவது அங்கே போய்த்தான் எடுத்தாக வேண்டும்.

கேள்வி: ஆள் இல்லாமல் கருவியே அளக்க முடியாதா? ஆபத்தான வேலை ஆயிற்றே?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: முடியும், செய்துகொண்டும் இருக்கிறார்கள். டென்மார்க்கின் நிலவியல் ஆய்வு நிறுவனம் 2007-லிருந்து கிரீன்லாந்தின் ஓரங்களில் தானியங்கி வானிலை நிலையங்களை வைத்து வருகிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு ரப்பர் குழாய். உறையாத திரவத்தை அதில் நிரப்பி, அடிமுனையில் அழுத்தமானியைப் பொருத்தி, பனிக்குள் ஆழமாக இறக்கிவிடுவார்கள். மேலே பனி உருக உருக, மானிக்கு மேலே நிற்கும் திரவத்தின் உயரம் குறையும், அழுத்தமும் குறையும், அந்த எண்ணைச் செயற்கைக்கோள் வழியாக அனுப்பிவிடும். ஒலியை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தைப் பார்க்கும் கருவியும் உண்டு. அதைப் பனி மேல் நிற்கும் முக்காலியில் மாட்டினால் முக்காலியும் பனியோடு இறங்கிவிடும், உருகலே தெரியாது, அதனால் உருகலை அளப்பதற்கு ஆழமாக நட்ட கம்புகளில் மாட்டுவார்கள்.

ஆனாலும் கருவியைப் பழுது பார்க்க, வெளியே வந்துவிட்ட குழாயை மறுபடி துளைத்து இறக்க, மனிதர் போகத்தான் வேண்டும். ஆபத்து உண்மையானது. 1990-லிருந்து கிரீன்லாந்தில் சுவிஸ் முகாமை அமைத்து முப்பது வருஷம் அளவெடுத்த கோன்ராட் ஸ்டெஃபன், 2020 ஆகஸ்டில் அதே முகாமின் அருகே பனிப்பிளவில் விழுந்து இறந்தார். அவர் தொடங்கிய அளவுத் தொடர் அவருக்குப் பின்னும் அறுபடாமல் நடக்கிறது என்பதை மரியாதையோடு சொல்ல வேண்டும்.

கேள்வி: இந்தியா இதில் இருக்கிறதா? இந்த எண்களை நாம் பார்க்க முடியுமா?
- பள்ளி மாணவி, நாகர்கோவில்

பதில்: இருக்கிறது. நீ-ஓலசுணில் 2008-லிருந்து ஹிமாத்ரி என்ற இந்திய நிலையம் உண்டு. கோவாவில் உள்ள துருவ ஆய்வு மையத்தினர் பக்கத்து வெஸ்த்ரே ப்ரொக்கர்பிரேனில் அளவெடுத்திருக்கிறார்கள். எண்களுக்கு, சூரிச்சில் இயங்கும் உலகப் பனியாறு கண்காணிப்பு அமைப்பின் தரவுத்தளத்துக்குப் போங்கள், இலவசம். ஆஸ்த்ரே ப்ரொக்கர்பிரேனைத் தேடி எடுத்து, ஒவ்வொரு வருஷத்து எண்ணையும் முந்தையதோடு கூட்டிக்கொண்டே ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். அறிவியல் கண்காட்சிக்கு நல்ல திட்டம். ஆசிரியரிடம் காட்டிவிட்டு எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.