குனிந்து பார்த்த நடுவர்கள்

அன்புள்ள ஐயா,

என் மகள் நாகர்கோவிலில் ரோலர் ஸ்கேட்டிங் பழகுகிறாள். அவள் காட்டித்தான் பனித்தரையில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் காணொளிகளைப் பார்க்கத் தொடங்கினேன். 1984 சரயேவோ ஒலிம்பிக்கில் டார்வில், டீன் ஜோடி ஆடியதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டேன். இப்போது அமெரிக்க வீரர் இலியா மலினின் காற்றில் நாலரைச் சுற்று சுற்றுகிறார். எனக்கு அது சர்க்கஸ் போலத் தெரிகிறது. கலை செத்துக் கணக்கு வந்துவிட்டதா? நடுவர்களின் நேர்மைமீதும் சந்தேகம் வருகிறது. பனியையே பார்த்திராத நாம் இதைப் பேசலாமா?

ஆர்., தக்கலை

அன்புள்ள ஆர்.,

குளச்சலில் மீன்பெட்டிக்குள் போடும் ஐஸைத் தவிர நம் மாவட்டத்தில் பனி கிடையாதுதான். கண் இருக்கிறதே, தாராளமாகப் பேசலாம். நடுவர்கள் விஷயம் பழங்கதை: 2002 சால்ட் லேக் சிட்டியில் சர்ச்சை வெடித்து இரண்டு ஜோடிகளுக்குத் தங்கம் கொடுத்தார்கள், 2004-இல் ஆறு மதிப்பெண்ணை உச்சமாக வைத்த பழைய 6.0 முறையையே கைவிட்டார்கள். அதை விடுங்கள்.

முதலில் ஒன்று. டார்வில், டீன் ஆடியது ஐஸ் டான்ஸ். அது தனிப் பிரிவு. பல சுற்றுத் தாவல்களுக்கு அங்கே இடமே இல்லை. அதை மலினினோடு ஒப்பிட்டுக் கண்ணீர் விடுவது இழவு வீடு மாறி அழுவது. தாவலும் நேற்று வந்ததில்லை. 1948-இல் டிக் பட்டன் இரண்டரைச் சுற்றுச் சுற்றினார், 1952-இல் மூன்று. 1988-இல் கர்ட் பிரவுனிங் நான்கு. 2022-இல் பதினேழு வயது மலினின் நாலரை. எந்த ஆண்டில் கலை செத்தது என்று சொல்லுங்கள், நானும் வந்து அழுகிறேன்.

உண்மையில் செத்தது வேறொன்று. அதற்காக அழ யாரும் வரவில்லை.

இந்த விளையாட்டின் பெயரில் இருக்கும் ‘ஃபிகர்’, பனித்தரையில் காலணிக்கு அடியிலுள்ள பிளேடின் ஒற்றை விளிம்பால் கீறும் வட்டங்களும் எட்டுகளும். ஒரே காலில் மெதுவாக ஒரு வட்டம். பிறகு அதே கோட்டின்மேல் மறுபடியும், மறுபடியும். இசை இல்லை, பளபளக்கும் உடை இல்லை. முடிந்ததும் நடுவர்கள் பனித்தரையில் இறங்கி, குனிந்து, கோடு கோட்டின்மேல் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு காலத்தில் மொத்த மதிப்பெண்ணில் 60 சதவீதம் இதற்குத்தான். 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் டிரிக்ஸி ஷூபா கோடுகளில் வெகுதூரம் முந்திவிட்டார். இசையோடு ஆடும் சுற்றில் ஏழாவதாக வந்தும் தங்கம் அவருக்கே. அந்தச் சுற்றில் எல்லோரையும் மயக்கிய ஜேனட் லின்னுக்கு வெண்கலம். தொலைக்காட்சியில் ஆட்டத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த ஆண்டே விதி மாறியது. கோட்டின் பங்கு தேய்ந்து தேய்ந்து 1990-ஓடு சர்வதேசப் போட்டிகளிலிருந்தே போயிற்று. மதிப்பெண் இல்லாத கோட்டுக்காக யார் அதிகாலையில் எழுந்துபோய் மணிக்கணக்கில் வட்டம் போடுவார்கள்?

இதைப் படித்தபோதெல்லாம் எனக்குத் திருவட்டாறு பக்கம் அடிமுறை என்ற தற்காப்புக் கலை சொல்லிக்கொடுத்த ஆசான்தான் நினைவுக்கு வருவார். களரி மணலைக் கையால் நிரவிவிட்டு ஒற்றைச்சுவடு என்ற காலடிப் பயிற்சியை வைக்கச் சொல்வார். நாங்கள் வைத்து முடித்ததும் எங்களைப் பார்க்கமாட்டார், மணலைத்தான் பார்ப்பார். குதிகால் ஆழமாகப் பதிந்திருந்தால் பிரம்பு பேசும். கோயில் திருவிழாவில் களரி இறக்கும்போது கைதட்டல் முழுவதும் கரணம் போடுகிற பையன்களுக்கே. ஆசானுக்கு அதில் வருத்தமே கிடையாது. அவரே கரணத்தைத்தான் முதலில் வைப்பார், கூட்டம் கலையக்கூடாதே! ஆனால் சுவடு சரியாக வைக்காதவனைக் கரணம் பக்கமே விடமாட்டார். நானெல்லாம் கடைசிவரை சுவடுதான்.

கூட்டம் தாவலுக்குக் கைதட்டுவதில் எனக்கும் புகார் இல்லை. 1998 நாகானோ ஒலிம்பிக்கில் பிரான்சின் சூர்யா போனலி பின்பக்கமாகக் கரணமடித்து ஒற்றைக்காலில் இறங்கினார். தடை செய்யப்பட்ட வித்தை என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். 2024-இல் அந்தத் தடையையே எடுத்துவிட்டார்கள். நல்லதுதான். என் ஆத்திரம், மணலைப் பார்க்கிற கண்ணை ஒரு விளையாட்டு ‘சலிப்பூட்டுகிறது’ என்று வெளியே அனுப்பியதில். அதுவும் முழுதாகப் போகவில்லை. லட்ஸ் என்ற தாவல் பிளேடின் வெளி விளிம்பிலிருந்து கிளம்ப வேண்டும், ஃபிளிப் உள் விளிம்பிலிருந்து. விளிம்பு மாறினால் இன்று வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்துப் பிடித்துவிடுகிறார்கள். நீங்கள் கேலியாகச் சொல்லும் ‘கணக்கு’தான் இன்னமும் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீங்களோ முகத்தையும் உடையையும் பார்த்துக் கலங்கிவிட்டு அதற்குக் கலை என்று பெயர் வைக்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். மகளோடு உட்கார்ந்து இதையெல்லாம் பார்க்கிற தகப்பன் நம் ஊரில் எத்தனை பேர்? ஆனால் அந்த நாலரைச் சுற்றைப் பற்றி அவள் என்ன சொன்னாள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. காலில் சக்கரம் கட்டி விழுந்து எழுகிறவள் அவள்தானே. கேட்டு எழுதுங்கள்.